பட்டாளத்தானுக்குத் தனி கோர்ட்டா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள் குற்றம் செய்தால், விசாரிக்கத் தனி கோர்ட் இருக்கிறதாம். போதையில் கார் ஓட்டினாலும் அடிதடியில் மாட்டினாலும் ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்களாம். அங்கே இருக்கும் என் மச்சான் பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

என் அண்ணன் பதினெட்டு வருஷமாக ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறார். இரண்டு தடவை துப்பாக்கியைக் காட்டி அவரிடம் வழிப்பறி செய்திருக்கிறார்கள். நசுங்கிய காரிலிருந்து பிள்ளைகளை எடுத்திருக்கிறார். இப்போது குடிக்கிறார். போதையில் கார் ஓட்டி ஒரு வீட்டுச் சுவரை இடித்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று, அடுத்த மாதம் தண்டனை சொல்வார்கள். அவருக்கு எந்தத் தனி கோர்ட்? மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?

பெயர் போட வேண்டாம்.
ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோர்ட்டை மூடிவிட்டால் உங்கள் அண்ணனுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. அதனால் முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்ற ஊர். ராபர்ட் ரஸ்ஸல் என்ற நீதிபதி, போதைப் பழக்கத்துக்கும் மனநலத்துக்குமான சிகிச்சைக் கோர்ட்டுகளை நடத்திக்கொண்டிருந்தவர். ஒருநாள் வியட்நாம் போருக்குப் போய் வந்த ஒருவர் அவர் முன்னால் கூனிக் குறுகி, கேட்டதற்கெல்லாம் முனகிக்கொண்டு நின்றார். அங்கே இருந்தவர்களில் இரண்டு பேர் அதே போருக்குப் போனவர்கள். இவரை வெளியே கூட்டிப்போய்ப் பேசுங்கள் என்று நீதிபதி அவர்களிடம் சொன்னார். திரும்பி வந்தவர் நிமிர்ந்து நின்று, நீதிபதியின் முகத்தைப் பார்த்து, இனி நன்றாக முயல்கிறேன் என்றாராம். 2008 ஜனவரியில் அந்த ஊரில் பட்டாளத்துக்காரர்களுக்கான தனி கோர்ட் தொடங்கியது. இன்று அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

அங்கே போனால் தப்பித்துவிடலாம் என்று உங்கள் மச்சான் நினைத்தால் அது தப்பு. பெரும்பாலும் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் விடாமல் நீதிபதி முன்னால் ஆஜராக வேண்டும். குடித்தானா என்று சிறுநீர்ப் பரிசோதனை. சிகிச்சைக்குப் போகாவிட்டால் ஜெயில். சாதாரணக் கோர்ட்டில் அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாமே என்று நினைக்கும் அளவுக்கு நீளும். முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்வார்கள், அல்லது குறைப்பார்கள். கூடவே இன்னொரு பழைய பட்டாளத்துக்காரர் துணையாக வருவார். சிகிச்சைச் செலவை அநேகமாக அந்த நாட்டின் படைவீரர் நலத்துறை ஏற்றுக்கொள்ளும்.

அந்த ஏற்பாட்டில் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. பட்டாளத்திலிருந்து நல்ல பெயரோடு வெளியே வந்தவனைத்தான் பல கோர்ட்டுகள் சேர்த்துக்கொள்கின்றன. போரில் மனசு உடைந்தவன்தான் குடிப்பான், சொன்ன பேச்சு கேட்கமாட்டான், கெட்ட பெயரோடு துரத்தப்படுவான். அதிகமாக அடிபட்டவனுக்கே கதவு அடைபடுகிறது. அப்புறம், பெண்டாட்டியை அடித்தவன் அங்கே வந்தால் அவள் குரல் எங்கே கேட்கும்? அவனைச் சுற்றி நீதிபதி, துணைவர், மருத்துவர் என்று அத்தனை பேர் நிற்க, அவள் பின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தால் அதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன்.

நான் கோர்ட்டில் தமிழ் இண்டர்பிரிட்டராக இருந்தது உங்களுக்குத் தெரியும். 1983 என்று நினைவு. அந்தக் காலத்தில் இங்கே வெள்ளைக்காரப் பையன்கள் எல்லாரும் கட்டாயம் பட்டாளத்துக்குப் போக வேண்டும், இரண்டு வருஷம். அங்கோலா எல்லையில் சண்டை. அதைப் 'பார்டர்' என்று மட்டும் சொல்வார்கள். ஒருநாள் காலையில் அப்படி ஒரு பையன் கூண்டில் நின்றான். டீ ரூம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டியை உடைத்து, வேலைக்காரரின் கையைக் கிழித்துவிட்டான். வெளியே ஒரு லாரி வெடிச்சத்தம் போட்டதில் மிரண்டுவிட்டான் என்று அவன் வக்கீல் கால்மணி நேரம் பேசினார். அவன் விரல்கள் நடுங்கின. அது நடிப்பில்லை, நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்டர் என்ற வார்த்தை வந்ததும் மாஜிஸ்திரேட்டின் முகம் இளகியது. தண்டனையை நிறுத்திவைத்து அனுப்பிவிட்டார். கை கிழிந்த மனிதரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வழக்கு என்னுடையது. கரும்பு ஆலையில் உழைத்து ஓய்ந்த ஒரு தாத்தா, குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைத் தடியால் அடித்திருந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. தண்டனையைக் குறைக்க ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். தாத்தா அந்தக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு, "என்னத்தச் சொல்ல, தொர" என்றார். சொல்ல ஒன்றுமில்லை என்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். வார்த்தைக்கு வார்த்தை சரிதான். முப்பது ரேண்ட், இல்லாவிட்டால் முப்பது நாள். பணம் இல்லை, படியிறங்கிப் போனார்.

பட்டாளத்துக்காரனுக்குச் சலுகை என்பது 2008இல் பிறந்ததில்லை, தம்பி. கண் ஜாடையிலேயே எப்போதும் நடந்துகொண்டிருந்தது. பஃபலோவில் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இன்னதைச் செய்தால்தான் உண்டு என்று நிபந்தனை போட்டார்கள். அது எவ்வளவோ மேல். அந்தப் பையனை ஜெயிலில் போட்டிருக்க வேண்டும் என்று அன்றும் நான் நினைக்கவில்லை. அவனைக் கேட்டதுபோலத் தாத்தாவையும் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

நம் நாட்டிலேயே இந்த வாதம் ஒருமுறை நடந்திருக்கிறது. 1994இல் மண்டேலா பதவியேற்றதும், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள தாய்மார்களைச் சிறையிலிருந்து விடுவிக்க உத்தரவிட்டார். மனைவியை இழந்த ஆண் கைதி ஒருவர், எனக்கும் அந்த வயதில் பிள்ளை இருக்கிறதே என்று வழக்குப் போட்டார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார். 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம், இது பாகுபாடுதான், ஆனால் நியாயமற்ற பாகுபாடு இல்லை என்று தீர்ப்பளித்தது. நம் அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவும் அந்த 'நியாயமற்ற' என்ற சொல்லை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீதிபதி கிரீக்லர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை வளர்ப்பது பெண் வேலை என்ற பழைய எண்ணத்தைத்தானே இது உறுதிப்படுத்துகிறது என்று கேட்டார்.

பத்து வருஷம் கழித்து, 2007இல், மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. மூன்று பையன்களைத் தனியாக வளர்த்தவர். நீதிபதி ஆல்பி சாக்ஸ் தீர்ப்பு எழுதினார், 1988இல் மபுடோவில் குண்டுவெடிப்பில் கையை இழந்தாரே, அவர்தான். இந்தத் தடவை தாயா தந்தையா என்று பார்க்கவில்லை. பிள்ளையை யார் வளர்க்கிறாரோ அவருக்குத் தண்டனை கொடுக்கும்போது, பிள்ளையின் கதியையும் கோர்ட் யோசிக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்ணை மறுபடி சிறைக்கு அனுப்பாமல், ஏமாற்றிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் சமூக சேவை செய்யவும் வைத்தார்கள்.

பட்டாளத்துக் கோர்ட்டும் அப்படி வளர வேண்டும் என்பதுதான் என் ஆசை. இங்கே அது வந்தால் யார் யார் வரிசையில் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழைய நிறவெறி அரசின் பட்டாளத்தில் இருந்தவரும் படைவீரர்தான், அதை எதிர்த்து மண்டேலா கட்சியின் ஆயுதப்படையான உம்கொந்தோ வெ சீஸ்வேயில் இருந்தவரும் படைவீரர்தான். 1985 ஆகஸ்டில் இனாண்டா கலவரத்தில் வீடு எரிய, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஃபீனிக்ஸுக்கு ஓடிவந்தார்களே, அவர்கள் யார் கணக்கில்? ஆம்புலன்ஸில் இருக்கும் உங்கள் அண்ணன்? ராத்திரி தூக்கத்தில் அலறுகிறவன் எந்த யூனிஃபார்ம் போட்டிருந்தான் என்று பார்த்துச் சிகிச்சை கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

மனுநீதிச் சோழனைச் சொன்னீர்கள். அங்கே தேர் ஏறி வந்தவன் அரசன் மகன், மணியை அடித்தது கன்றை இழந்த பசு. பலசாலி தன் பலத்தால் தப்பிக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கதை. கூண்டில் கை நடுங்க நிற்கிறவனை அரசன் மகனோடு சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, அண்ணன் விஷயம். நம் சட்டத்தில், சிறைக்கு அனுப்பாமல் வெளியிலேயே கண்காணிப்பில் வைக்கும் தண்டனை இருக்கிறது. அதைக் கொடுக்க நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையோ சிறைத்துறை அதிகாரியின் அறிக்கையோ வேண்டும். கேட்டால்தான் வரும், வக்கீலிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், லைசென்ஸ் போகவும் வாய்ப்புண்டு. தண்டனை நாளுக்குக் காத்திராமல், குடியை விடுவதற்கான சிகிச்சையை இப்போதே தொடங்கட்டும். சுவர்க்காரரைப் போய்ப் பார்த்து, செலவைக் கொடுக்கட்டும். துப்பாக்கி காட்டியபோது போலீசில் பதிவான வழக்கு எண்கள் இரண்டையும் தேடி எடுங்கள். அப்புறம், பதினெட்டு வருஷத்தில் பார்த்ததை அவர் எழுத வேண்டும். எந்த நாள், எந்தத் தெரு, எந்தப் பிள்ளை என்று. எழுத உட்கார்ந்தால் கை ஓடாது என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் ஃபீனிக்ஸுக்கு வருகிறேன். அவர் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறேன்.