பங்கு பிரிக்கிற நாளும் ஜிம் நாளும் ஒன்றாக இருந்தால்

கேள்வி: அண்ணே, எனக்கு வயசு 26, எடை 70 கிலோ, ஊர் பாம்பன் பக்கம். விசைப்படகில் வேலை. திங்கள், புதன், சனி காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில் கரைக்கு வருவோம். கரைக்கு வந்த அன்று சாயங்காலம் ஜிம், பதினாலு மாதமாக விடாமல் போகிறேன். முதல் ஆறு மாதம் உடம்பு நன்றாக ஏறியது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. மல்லாந்து படுத்துத் தூக்குகிற பெஞ்ச் பிரஸ் 60 கிலோவைத் தாண்டவில்லை, வயிறு மட்டும் போடுகிறது. ஜிம் முடிந்ததும் கூட வேலை பார்க்கிறவர்களோடு ஒரு குவார்ட்டர் அடிப்பேன், மீன்பாடு நன்றாக இருந்தால் ஆஃப் வரை போகும். தினமும் குடிக்கிறவன் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு ஸ்கூப் புரோட்டீன் பவுடர் கலக்கிக் குடித்துவிடுகிறேன், அது சரிக்கட்டிவிடும் என்று ஜிம்மில் சொன்னார்கள். உண்மையா? பியருக்கு மாறினால் பரவாயில்லையா? இங்கே பதநீர் சீசன் தொடங்கிவிட்டது, அதையாவது குடிக்கலாமா?

பதில்: தம்பி, முதலில் உன் கடிதத்தை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். திங்கள், புதன், சனி கடல். அப்படியென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு கரை. அந்த மூன்று சாயங்காலமும் ஜிம், அதே மூன்று ராத்திரியும் குவார்ட்டர். தினமும் குடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய், உண்மைதான், வாரத்தில் நாலு நாள் நீ தொடுவதே இல்லை. ஆனால் பதினாலு மாதமாக நீ வெய்ட் தூக்கிய ஒவ்வொரு நாளும் குடித்திருக்கிறாய், தூக்கிவிட்டுக் குடிக்காமல் படுத்த ராத்திரி என்று உன் வாரத்தில் ஒன்றுகூட இல்லை. உன் உடம்பு ஏன் நின்றுபோனது என்று என்னைக் கேட்டால் நான் முதலில் கை வைக்கிற இடம் இதுதான்.

தசை ஜிம்மில் வளர்வதில்லை. அங்கே நீ அதற்கு வேலை கொடுக்கிறாய், கொஞ்சம் பிய்த்தும் போடுகிறாய், அவ்வளவுதான். கட்டுகிற வேலை நீ கிளம்பி வந்த பிறகு தொடங்கி அடுத்த ஒரு நாள், ஒன்றரை நாள் வரை ஓடும், அதிலும் முதல் சில மணி நேரம் ரொம்ப மும்முரம். நீ மூடியைத் திருகுகிற நேரமும் சரியாக அதுதான். முதல் ஆறு மாதம் ஏறியதே என்று கேட்பாய். புதிதாக வெய்ட் எடுக்கிறவன் உடம்பு எதைச் செய்தாலும் ஏறும், தூக்கம் கெட்டாலும் ஏறும், குடித்தாலும் ஏறும். அந்தச் சலுகை முடிந்த பிறகுதான் ஒவ்வொரு ராத்திரிக்கும் கணக்கு விழ ஆரம்பிக்கிறது.

இப்போது பவுடர். வல்லம் என்கிற மரப்படகு கட்டுகிற இடம் பார்த்திருப்பாய். புரோட்டீன் என்பது அங்கே வந்து இறங்குகிற பலகை. சரக்கு பலகையை எடுத்துக்கொண்டு போவதில்லை, ஆசாரியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. நீ இன்னும் ரெண்டு லோடு பலகை இறக்கினாலும் கட்டுகிற கை மெதுவாகத்தான் ஓடும். இதைச் சும்மா சொல்லவில்லை. 2014இல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்து வெளியிட்டிருக்கிறார்கள். உடற்பயிற்சியில் பழகிய எட்டு இளைஞர்கள், ஒரே மாதிரிக் கடுமையான பயிற்சி, வேறு வேறு நாளில் மூன்று தடவை. ஒரு தடவை முடித்ததும் புரோட்டீன் மட்டும், ஒரு தடவை புரோட்டீனோடு மது, ஒரு தடவை மாவுச்சத்தோடு மது. தொடையிலிருந்து துளி தசை எடுத்துப் பார்த்தபோது, புரோட்டீன் மட்டும் குடித்த நாளை விட, புரோட்டீனோடு மது குடித்த நாளில் தசை கட்டுகிற வேகம் 24 சதவீதம் குறைவு, புரோட்டீன் இல்லாமல் மது குடித்த நாளில் 37 சதவீதம் குறைவு. ஆக, பவுடர் கொஞ்சம் காப்பாற்றுகிறது, முழுசாகக் காப்பாற்றுவதில்லை. எட்டே பேர் என்பதால் இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்.

அவர்களுக்குக் கொடுத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் ஆல்கஹால். உன் எடைக்கு 105 கிராம். நம் ஊர்க் கடையில் வாங்குகிற பிராந்தியும் ரம்மும் பெரும்பாலும் 42.8 சதவீதம், லேபிளைத் திருப்பிப் பார்த்தால் போட்டிருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால், ஆஃபில் 120 கிராமுக்கு மேல். பாடு நன்றாக இருக்கிற நாளில் நீ அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்ததையே தாண்டிவிடுகிறாய்.

குவார்ட்டரோடு நிறுத்தினால்? அதற்கும் நியூசிலாந்தில் நடந்த சோதனைகள் இருக்கின்றன. தொடை நோகிற அளவுக்குப் பயிற்சி கொடுத்து, பிறகு ஆரஞ்சு ஜூஸில் வோட்கா கலந்து கொடுத்தார்கள். கிலோவுக்கு ஒரு கிராம் குடித்தவர்களுக்கு 36 மணி நேரம் கழித்தும் காலின் பலம் சாதாரண ஜூஸ் குடித்த தடவையை விட நன்றாகக் குறைந்திருந்தது. அரை கிராம் என்றபோது அப்படி வித்தியாசம் தெரியவில்லை. உன் எடைக்கு ஒரு கிராம் என்றால் குவார்ட்டரும் அதற்கு மேல் ஒரு மடக்கும், அரை கிராம் என்றால் ஒரு கட்டிங்கை விடச் சற்று அதிகம். இதைப் படித்துவிட்டு, அண்ணன் கட்டிங் அடிக்கச் சொல்லிவிட்டார் என்று கிளம்பாதே. அந்தச் சோதனை பார்த்தது கால் பலத்தை மட்டும்தான். உடம்பு மொத்தத்துக்கும் எடுத்துக்கொண்டால், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னது.

ஆனால் உன் விஷயத்தில் தசையை விட எனக்கு அதிகம் கவலையாக இருப்பது தூக்கம். படகில் போகிற ராத்திரி நீ எங்கே தூங்குகிறாய்? வலை விட்டு, இழுத்து, கொட்டி, இறால் தனியாக, நண்டு தனியாக, காரல் தனியாகப் பிரித்து, ஐஸ் போட்டு, தலை சாய்த்தால் அடுத்த இழுவை வந்துவிடும். வாரத்தில் மூன்று ராத்திரி அப்படிப் போகிறது. அப்படியென்றால் கரையில் படுக்கிற நாலு ராத்திரிதான் உன் உடம்புக்குக் கிடைக்கிற தூக்கம், அதில் மூன்றைக் குடித்துவிட்டுத்தான் படுக்கிறாய். குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். கண் சீக்கிரம் சொருகும், அது நிஜம். ஆனால் சரக்கு இறங்க இறங்க, ராத்திரியின் பின்பாதியில் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். ரெண்டு மணிக்கு நாக்கு வறண்டு எழுந்து தண்ணீர் தேடுவது, நாலு மணிக்கு வேர்த்து விழிப்பது, இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான், குடித்த ராத்திரியில் அது குறைகிறது. ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழிலிருந்து பத்து கிராம் ஆல்கஹாலைத்தான் கழிக்கும், எலுமிச்சை, மோர், குளியல் எதுவும் அதை அவசரப்படுத்தாது. பத்தரை மணிக்கு முடித்த ஒரு குவார்ட்டர் விடியற்காலை வரை உடம்புக்குள் இருக்கும். ஞாயிறு ராத்திரி குடித்தால் திங்கள் காலை படகு, செவ்வாய் ராத்திரி குடித்தால் புதன் காலை படகு. ஆஃப் அடித்துவிட்டு வலை இழுக்கிற வின்ச் ஓடுகிற தளத்தில், ஈரக் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாய் தம்பி, அதை நினைத்தால் பெஞ்ச் பிரஸ் எனக்கு ரெண்டாம்பட்சமாகத்தான் தெரிகிறது.

வயிறு போடுவதற்குக் காரணம் எளிது. ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி, ஒரு குவார்ட்டரில் மட்டும் 420க்கு மேல், இதில் கோலா, பரோட்டா, பொரித்த மீன் எதுவும் சேரவில்லை. உடம்பால் ஆல்கஹாலைச் சேமித்து வைக்க முடியாது, அதனால் அதை முதலில் எரிக்கும், அது முடியும் வரை கொழுப்பை எரிக்கிற வேலை ஏறக்குறைய ஓரம்கட்டப்படும். கூடச் சாப்பிட்ட எண்ணெய்ப் பண்டம் நேராக இடுப்புக்குப் போகிறது.

பியர் கேட்டாய். 650 மில்லி ஸ்ட்ராங் பியர் 8 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலில் 40 கிராம் ஆல்கஹால். ரெண்டு பாட்டில் உன் குவார்ட்டரைத் தாண்டிவிடும். பார்லி தசைக்கு நல்லது, ரம் கடல் குளிருக்கு நல்லது என்பதெல்லாம் பேச்சு. குடித்ததும் தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாக இருப்பது போலத் தோன்றும், உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். இன்னொன்று, நம் கரையில் இந்த உப்புக் காற்றிலும் வெயிலிலும் ஏற்கெனவே நீ வேர்வையாகக் கொட்டுகிற ஆள், மது சிறுநீரைக் கூட்டி மிச்சத் தண்ணீரையும் வெளியே அனுப்புகிறது. மறுநாள் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடு. வயிற்றில் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடுகிற கூட்டணி அது, பாராசிட்டமால் என்றால் அடி ஈரலுக்கு.

நானும் இந்த இடத்தில் இருந்தவன் என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். இருபத்தி மூன்று வயதிலிருந்து நாலு வருடம், ராமநாதபுரத்தில் ஒரு சின்ன ஜிம், முடித்ததும் நண்பர்கள், பாட்டில். என் பெஞ்ச் 70 கிலோவிலேயே நின்றது, பவுடரை மாற்றினேன், ஷெட்யூலை மாற்றினேன், பயிற்சியாளரைக்கூட மாற்றினேன். டெங்கு வந்து படுத்து எழுந்த பிறகு டாக்டர் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் தொடாமல் இருந்தபோதுதான் 85 தூக்கினேன். அதற்குப் பிறகு திரும்பிப் போகவில்லை.

நீ என்ன செய்யலாம்? விட்டுவிடு என்பதுதான் என் விருப்பம், ஆனால் அதை மட்டும் எழுதி அனுப்பினால் நீ பக்கத்தைத் திருப்பிவிடுவாய் என்று தெரியும். அதனால் முதல் படி: ஜிம்முக்குப் போன நாளில் குடிப்பதில்லை என்ற ஒரே கட்டு. அளவு, பிராண்ட் எதையும் பற்றி யோசிக்காதே, கிழமையை மட்டும் பிரித்துவிடு. பங்கு பிரித்துக் காசு கைக்கு வந்ததும் கூட்டம் எங்கே சேரும் என்று உனக்குத் தெரியும், ஜிம் முடிந்து அந்த வழியாக வராதே. ஜிம் விட்டதும் நேராக வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடு. வயிறு நிறைந்த பிறகு குடிக்கிற ஆசை பாதி போய்விடும், இது அனுபவம். சூடையும் மத்தியும் கிடைக்கிற ஊரில் உனக்குப் புரோட்டீன் பஞ்சம் இல்லை, 100 கிராம் மீனில் 20 கிராம் வரை இருக்கிறது, ரெண்டு முட்டை சேர்த்தால் ஒரு வேளைக்குப் போதும், பவுடர் காசு மிச்சம். படகு டிரைவரும் மற்றவர்களும் கேலி செய்வார்கள், மூன்று வாரம் செய்வார்கள், அப்புறம் பழகிவிடும். அவர்களிடம் சத்தியம் செய்வது போல எதுவும் சொல்லாதே, "இன்னைக்கு ஜிம்" என்று மட்டும் சொல்.

ரெண்டாவது, ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வருடத்தில் உனக்கு ராத்திரித் தூக்கம் தொடர்ந்து கிடைக்கிற ஒரே காலம் அதுதான். வேலை இல்லாமல் கரையில் உட்கார்ந்து ஆட்கள் அதிகமாகக் குடிக்கிற காலமும் அதுதான், நீ பார்த்திருப்பாய். இந்தத் தடவை அந்த 61 நாளும் சொட்டுகூட இல்லாமல் இருந்து பார். ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் தூக்கிய வெய்ட்டை எழுது, வாரம் ஒரு தடவை இடுப்பை டேப்பில் அளந்து எழுது. என் பேச்சை நம்ப வேண்டாம், நோட்டை நம்பு.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நிறுத்திய மறுநாள் கை நடுக்கம், அதிக வேர்வை, படபடப்பு, தூக்கமே இல்லாமை என்று வந்தால், நீ நினைப்பதை விட உடம்பு அதிகம் பழகிவிட்டது என்று பொருள். பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக இருக்காதே, வலிப்பு வரை போகலாம். அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார், மாத்திரை கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். போனில் பேச வேண்டும் என்றால் 14446 போதை மறுவாழ்வு உதவி எண், கட்டணம் இல்லை. உன் கூட்டத்தில் தினமும் குடிக்கிற யாராவது உன்னைப் பார்த்து ஒரேயடியாக நிறுத்தக் கிளம்பினால் அவரிடமும் இதைச் சொல்லிவிடு.

பதநீர் தாராளமாகக் குடி. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் சீக்கிரம் புளிக்காது, அதில் இருப்பது சர்க்கரையும் தாது உப்பும்தான், ஜிம் நாளில் ஒரு பனையோலைப் பட்டை அளவு குடித்தால் தெம்பாகவே இருக்கும். இனிப்பு அதிகம் என்பதால் ரெண்டு மூன்று பட்டை வேண்டாம், வயிறு குறைய வேண்டுமே. காலையில் இறக்கியதை மதியத்துக்குள் குடித்துவிடு. நுரை கட்டிப் புளிப்பு வாடை வந்துவிட்டால் அது கள்ளாக மாறத் தொடங்கிவிட்டது, அதைக் கொட்டிவிட்டு ரெண்டு நுங்கு வாங்கிச் சாப்பிடு.