கராஜ் கேள்வி பதில்: ஹைலக்ஸுக்கு லீஃப் மோட்டர் ஏறுமோ?

கேள்வி: என்னட்ட பழைய ஹைலக்ஸ் டபுள் கெப் ஒண்டு நிக்குது, 3எல் எண்ட மொடல் டீசல் எஞ்சின், அது முடிஞ்சுது, கியர்பெட்டி நல்லம். பற்றரி செத்த நிசான் லீஃப் கரண்ட் கார் ஒண்டு மலிவா வருது, அதின்ர மோட்டரை இதில பூட்டலாமோ? பெற்றோல் ஹைலக்ஸின்ர கியர்பெட்டி வாங்கினா சுகம் எண்டு ஒராள் சொல்லுறார். மோட்டரையும் பெட்டியையும் இணைக்கிற அடப்டர் பிளேட் அடிக்க லேத்காரர் ஓம் எண்டுட்டார். (சாவகச்சேரி வாசகர்)

பதில்: பூட்டலாம் தம்பி, ஆனா வேற பெட்டி தேடி அலையாதேங்கோ. உங்கட பெட்டிதான் உங்கட சேஸிக்கும் மவுண்டுக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் சரியா இருக்கிறது. 22ஆர் பெற்றோல் எஞ்சினுக்கு வந்த பெல் ஹவுசிங் (கிளச்சை மூடி எஞ்சினோட பூட்டுப்படுற முன் கூடு) வேற, உங்கட 3எல் மாதிரி எல் டீசலுக்கு வந்தது வேற, எதை எடுத்தாலும் பிளேட் புதுசா அடிக்கத்தானே போறியள், பேந்தென்னத்துக்கு வீண் செலவு?

பெலனுக்குக் குறைவில்லை. 3எல் எஞ்சின் டோர்க் (முறுக்குப் பெலன்) 200 நியூட்டன் மீற்றருக்குக் கிட்டத்தான் குடுக்கும், முதல் வந்த லீஃப் மோட்டர் 280, அதுவும் நிண்ட இடத்திலயே. அதால முதல் கியரைப் போட்டு ஏறி மிதிச்சா பெட்டிக்குள்ள பல்லு பறக்கும், மோட்டருக்குப் போற கரண்டை ஆளுற கொன்ட்ரோலரில டோர்க்கைக் குறைச்சு வைக்கவேணும். லீஃபின்ர சொந்த ரிடக்‌ஷன் (சுத்தைக் குறைக்கிற பல்லுப்பெட்டி) கிட்டத்தட்ட 8க்கு 1. உங்கட ரெண்டாம் கியர் 2க்குக் கொஞ்சம் மேல, பின் அச்சில இருக்கிற டிஃப் (டிஃபரன்ஷியல்) 4க்குக் கொஞ்சம் மேல, பெருக்கிப் பாருங்கோ, அண்ணளவா அங்கதான் வந்து நிக்கும், அப்ப ஊருக்குள்ள ரெண்டாம் கியரிலயே ஓடலாம், கண்டி றோட்டில ஏறினா மூண்டு. மோட்டர் நிமிசத்துக்கு 10,000 சுத்துக்கு மேலயும் போகும், ஆனா உங்கட பெட்டி 4,000 சொச்சத்தில சுத்தின டீசலுக்குப் பின்னால இருந்தது, அதையும் கொன்ட்ரோலரில மட்டுப்படுத்துங்கோ.

இனி பிளேட். எல்லாரும் போல்ட் ஓட்டையைத்தான் பாக்கினம், அதில்லை விசயம். பழைய எஞ்சினை இரும்புக்குப் போட முதல் ஒரு அளவு எடுங்கோ: எஞ்சின் பின் முகத்தில பெல் ஹவுசிங் வந்து குந்துற இடத்திலயிருந்து பிளைவீலில கிளச் தட்டு படுற முகம் வரைக்கும் எவ்வளவு? மோட்டரைப் பூட்டின பிறகும் அதே அளவு வரவேணும், பிளேட்டும் இடைவெளி நிரப்புற ஸ்பேசரும் மோட்டர் தண்டைப் பிளைவீலோட சேர்க்கிற கப்ளரும் எல்லாம் அந்த ஒரு அளவுக்காகத்தான். பிளைவீல் முன்னுக்கு, மோட்டர் பக்கம் தள்ளி நிண்டா கிளச்சை அமத்திற ரிலீஸ் பெயரிங் கிளச்சுக்கு எட்டாது, பின்னுக்கு வந்தா கியர் ஷாஃப்ட் நுனி கப்ளரில முட்டி மோட்டர் பெயரிங்கைத் தின்னும்.

மற்றது சென்டர். போல்டுக்கு ஓட்டையில லூஸ் இருக்கும், சென்டர் பிடிக்கிறது டவல் பின் எண்ட இறுக்கமான ஆணிதான், அது ரெண்டும் இறுக்கமா வரவேணும். பிளைவீலில காந்த ஸ்டாண்டை ஒட்டி டயல் கேஜ் நுனியை பெல் ஹவுசிங்கின்ர உள் வட்டத்தில வைச்சு கையால மெதுவா ஒரு சுத்து சுத்துங்கோ, ஊசி மொத்தமா 0.13 மில்லிமீற்றருக்கு மேல ஆடினா பிளேட்டைத் திருப்பி லேத்துக்குக் குடுங்கோ, லேத்காரர் “அது பரவாயில்லை அண்ணை” எண்டு சொன்னாலும் கேளாதேங்கோ. சண்டைக்காலத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஊர்தான் எங்கட, அந்த எஞ்சினுகள் எதையும் பொறுத்துது, இது பொறுக்காது.

லீஃபின்ர ரிடக்‌ஷன் பெட்டியை எறிஞ்சு போடாதேங்கோ, மோட்டர் தண்டில இருக்கிற பல்லுக்குச் சோடி அதுக்குள்ளதான் கிடக்கு, கப்ளர் செய்யேக்க அது தேவை. கியர் ஷாஃப்ட் நுனி ஓடுற சின்ன பைலட் பெயரிங் கிராங்கில இருந்தது, அதுக்கும் கப்ளரில இடம் விடவேணும், கனபேர் மறக்கிறது இதைத்தான்.

கேள்வி: கிளச்சைக் கழட்டிப்போட்டு நேரா இணைச்சா என்ன? (கோப்பாய்)

பதில்: ஓடும். வாகனம் நிண்டா மோட்டரும் நிக்கும், எஞ்சின் மாதிரி ஓவ் ஆகாது. ஆனா ஓடேக்க கியர் மாத்திறதெண்டா மோட்டருக்குள்ள சுத்துற ரோட்டரின்ர சுத்து இறங்குமட்டும் காத்திருக்கவேணும், அந்தப் பாரம் முழுக்க கியர் மாத்தேக்க சுத்தைச் சமப்படுத்திற சிங்க்ரோ வளையத்தில விழும். கிளச் தட்டில இருக்கிற ஸ்பிரிங்கும் அடியைக் கொஞ்சம் வாங்கும். ஒரே கியரில ஓடுற ஆளெண்டா கழட்டுங்கோ, நான் எண்டா கிளச்சைக் கழட்டாம விட்டிடுவன்.

கேள்வி: ஓட்டோமற்றிக் கியர் பெட்டிக்குப் பூட்டேலாதோ? (மானிப்பாய்)

பதில்: வேண்டாம். அதுக்குள்ள இருக்கிற ஒயில் பம்ப் எஞ்சின் சுத்தினாத்தான் பிறஷர் குடுக்கும், சிக்னலில மோட்டர் நிண்டா பிறஷரும் போயிடும். மோட்டரைச் சும்மா சுத்தவிட்டு கரண்டைக் கரியாக்கவேண்டி வரும்.

கேள்வி: எஞ்சினை எடுத்தா பிறேக் கல்லு மாதிரி இறுகுமாம், உண்மையோ? (பருத்தித்துறை)

பதில்: உண்மை. இந்த டீசலுகளில பிறேக் மிதியை லேசாக்கிற பூஸ்டருக்கு வேக்கம் (காத்தை உறிஞ்சின வெற்றிடம்) குடுக்கிற பம்ப் ஓல்டனேட்டருக்குப் பின்னால இருக்கு, எஞ்சினோட அதுவும் போயிடும். கரண்டில ஓடுற வேக்கம் பம்பும் ஒரு சின்ன டாங்கியும் போடுங்கோ, பவர் ஸ்டியரிங் பம்புக்கும் ஒரு வழி பாருங்கோ. வாகனப் புத்தகத்தில டீசல் எண்டு கிடக்கும், அதால ஒண்டையும் வெட்ட முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலயும் இன்சூரன்ஸிலயும் போய்க் கேட்டிட்டுத் தொடங்குங்கோ.