டேர்போ வாங்க முன் அந்த றப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டு டவுன்ஏஸ் டீசல் வான் ஒன்று இருக்கிறது, 2சி டேர்போ எஞ்சின். கொஞ்ச நாளாக இழுவையே இல்லை. போன கிழமை கொழும்புக்குப் போகும்போது கந்தளாய் தாண்டியதிலிருந்து ஹபரணை வரைக்கும் ஒரு லொறியின் பின்னாலேயே போனேன், முந்த முடியவில்லை. மிதித்தால் பின்னால் புகை. கராஜில் மெக்கானிக் பாஸ் சீற்றைத் தூக்கி ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, “டேர்போ முடிஞ்சுது, மாத்துங்கோ” என்றார். பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பாவித்த டேர்போ எடுப்பதா, புதிய சீனச் சாமான் போடுவதா? (உவர்மலை வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

புகை என்று எழுதியிருக்கிறீர்கள், நிறத்தை எழுதவில்லையே! மிதிக்கும்போது கறுப்புப் புகை, கூடவே இழுவையும் இல்லை என்றால் டீசல் போகிறது, அதற்கேற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். எயார் பில்டர் அடைத்திருக்கலாம், காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர் குழாய் வெடித்திருக்கலாம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. அதுவும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வ் சீலைச் சந்தேகப்படுங்கள். நெடுநேரம் ஐடிலில் நின்றுவிட்டு மிதிக்கும்போது குபீரென்று வந்தால்தான் டேர்போவின் பக்கம் திரும்ப வேண்டும். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறதா? டேர்போவை மறந்துவிட்டு சிலிண்டர் ஹெட்டைப் பாருங்கள். 2சி டேர்போ எஞ்சினில் ஹெட் வெடிப்பது பழைய கதை.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். இதேபோல இழுவை இல்லாமல் போய், சொன்னதைக் கேட்டு டேர்போவை மாற்றினேன். பிறகும் வான் அப்படியேதான் இருந்தது. கடைசியில் பார்த்தால் கிளிப் இறுக்கும் இடத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், றப்பரில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டிருக்கும், காற்றழுத்தம் ஏறினால் வாயைத் திறக்கும். நம் கடற்காற்றில் கிளிப்புகள் எப்படித் துருப்பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாரம் ஏற்றி மிதிக்கும்போது ஸ்ஸ் என்று காற்றுப் போகிற சத்தம் கேட்டால் முதலில் குழாய்தான். டேர்போவே தேய்ந்திருந்தால் சத்தம் வேறு மாதிரி, அம்புலன்ஸ் சைரன் தூரத்தில் கேட்பதுபோல ஏறி இறங்கும்.

இனி டேர்போவுக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, எயார் பில்டரிலிருந்து டேர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே சின்ன அலுமினியக் காற்றாடி தெரியும், நடுவில் ஒரு நட். அந்த நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இலேசாக ஆடும், பயப்பட வேண்டாம். உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் ஒயில் படலத்தில் மிதக்கிற அமைப்பு, ஒயில் அழுத்தம் வந்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும். ஆனால் ஆட்டும்போது இறகு சுவரில் உரசக் கூடாது. அடுத்ததாக நட்டை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். கைக்குத் தெரிகிற மாதிரி டக் டக் என்று நகர்ந்தால் கதை முடிந்தது. ரோச் அடித்துச் சுவரையும் பாருங்கள். பளபளவென்று வட்டமாகக் கீறல் இருந்தால் இறகு ஏற்கெனவே உரசியிருக்கிறது. குழாயின் உள்ளே மெல்லிய ஒயில் பசை இருப்பது பழைய எஞ்சினில் வழமைதான். குளமாகத் தேங்கி நின்றால்தான் பிரச்சினை. அப்படித் தேங்கினால் வானை ஓட்டவே வேண்டாம். டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே குடித்து ஓடத் தொடங்கிவிடும், திறப்பை உருவினாலும் நிற்காது. மனுவல் கியர் என்றால் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளச்சை விட்டுத்தான் அடக்க வேண்டும்.

சரி, தேய்ந்தது உறுதி என்றே வைப்போம். அது ஏன் தேய்ந்தது? பெரும்பாலும் ஒயில்தான். ஒரு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற தண்டு அது. ஒயில் கொண்டுவரும் மெல்லிய குழாயில் கரி படிந்து அடைத்திருந்தால், நீங்கள் எந்த நாட்டு டேர்போவை வாங்கிப் போட்டாலும் அதே கதிதான். ஆகவே டேர்போ வாங்குகிற காசோடு புதிய ஒயில் குழாய், புதிய ஒயில், பில்டர் ஆகியவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒயில் திரும்பிப் போகும் கீழ்க்குழாயையும் கழுவ வேண்டும். அது பொருந்தும் பிளாஞ்சில் (விளிம்பில்) சிலிக்கன் பசை பூச விடாதீர்கள், பிய்ந்து உள்ளே போய் அடைத்துவிடும்.

வாங்குவதில் என் விருப்பம் இது. வெளிக்கூடு கீறாமல் இருந்தால், பலன்ஸ் பண்ணிய புதிய கார்ட்ரிட்ஜ் (தண்டும் காற்றாடியும் சேர்ந்த நடுப்பகுதி) மட்டும் வாங்கி, உங்கள் கூட்டிலேயே போடுங்கள். கூடும் கீறியிருந்தால் பாவித்த ஜப்பான் சாமான் எடுக்கலாம், ஆனால் அதே நட்டை ஆட்டும் பரிசோதனையைக் கடையிலேயே செய்துவிட்டு. புஷ் கிட் மட்டும் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் “பலன்ஸ் பண்ணுவீங்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பூட்டிய பிறகு ஒயில் துவாரத்தில் கொஞ்சம் ஒயில் விட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி பம்பின் டீசல் கட் வயரைக் கழற்றி, ஒயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அவசரப்படும் பாஸ்மார் இதைத்தான் விடுவார்கள்.

கேள்வி: பாவித்த டேர்போ வாங்கிப் பூட்டி இரண்டு கிழமையில் போய்விட்டது. கடைக்காரர் “செக்கிங் வொரண்டி மட்டும்தான்” என்கிறார், பூட்டிப் பார்க்கும் வரைக்கும்தான் பொறுப்பாம். என்ன செய்யலாம்? (கிண்ணியா வாசகர்)

பதில்: பில் இருக்கிறதா? அதில் என்ன எழுதியிருக்கிறது? வாயால் சொன்ன வொரண்டியை நிரூபிப்பது கஷ்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், நாளைக் கடத்தாதீர்கள். ஆனால் கடைக்காரர் ஒன்று கேட்பார்: ஒயில் குழாயை மாற்றினீர்களா? மாற்றவில்லை என்றால் நியாயம் பாதி அவர் பக்கம்.

கேள்வி: டேர்போவைக் கழற்றிவிட்டே ஓட்டினால் என்ன? (நிலாவெளி வாசகர்)

பதில்: ஓடும். பம்ப் அனுப்பும் டீசல் டேர்போ காற்றுக்கு ஏற்றபடி இருப்பதால் கறுப்புப் புகை கக்கும். வாகன லைசன்ஸ் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டுமே, அங்கே நிற்கும் வான்.