ரைபிள் ஸ்கோப்பை ரிவோல்வரில் பூட்டலாமா?

கேள்வி: என் மருமகன் டெக்ஸாஸில் இருக்கிறார். மான் வேட்டைக்கு ரூகர் சூப்பர் ரெட்ஹாக் ரிவோல்வர் வைத்திருக்கிறார். .44 மேக்னம் என்ற பலமான ரவைக்கானது, ஏழரை அங்குலக் குழல். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு முன்குறி மங்கலாகத் தெரிகிறதாம். என்னிடம் நல்ல 3-9x40 (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன் கண்ணாடி) ரைபிள் ஸ்கோப் ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது. டிசம்பரில் அவர் கொழும்புக்கு வரும்போது கொடுத்துவிடலாமா? சரிவராது என்றால் எதை வாங்கச் சொல்வது, எப்படிப் பூட்டுவது? இந்தப் பழையதை என்ன செய்வது? - வாசகர், வெள்ளவத்தை

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. கொடுத்தால் சுங்கத்தில் விளக்கம் சொல்லும் வேலையும் மருமகனுக்கு வந்து சேரும். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோனாலும் அது பயன்படாது.

துப்பாக்கிகளை 1916 ஆம் ஆண்டுச் சட்டமும் வனவிலங்குகளை 1937 ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டிப்போட்டிருக்கும் இந்த நாட்டில், ரிவோல்வரால் வேட்டையாடுவது எவருக்கும் பழக்கமில்லாத விஷயம். டெக்ஸாஸில் உரிய லைசென்ஸோடு அதைச் செய்யலாம். அதனால் நேரே கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் ஸ்கோப்பின் குழாய் பெரும்பாலும் ஒரு அங்குலக் குழாயாக இருக்கும். சூப்பர் ரெட்ஹாக்கோடு பெட்டியிலேயே வரும் வளையங்களும் ஒரு அங்குலம்தான். ஆகவே அது பூட்டிக்கொள்ளும். சிக்கல் கண்ணுக்கும் பின் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தூரத்தில். ரைபிள் ஸ்கோப்பில் முழுப் படமும் தெரிய, கண் மூன்று நான்கு அங்குலத்தில் இருக்க வேண்டும். ரிவோல்வரை இரு கையாலும் நீட்டிப் பிடித்தால் அந்தத் தூரம் ஒன்றரை அடியைத் தாண்டிவிடும். அங்கிருந்து பார்த்தால் சாவித்துவாரம் வழியாகத் தெருவைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். சரி, முழங்கையை மடக்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால்? உதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு நெற்றியைப் பிளந்துவிடும். போதாததற்கு, ரிவோல்வரில் ரவைகள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. சுடும்போது சூடான வாயுவும் ஈயத் துகளும் அதன் வழியே பக்கவாட்டில் சீறும். முகம் அதற்குக் கிட்டப் போகவே கூடாது.

எனவே கைத்துப்பாக்கிக்கென்றே செய்த ஸ்கோப்தான் வேண்டும். லூபோல்ட், பர்ரிஸ் இரண்டு கம்பெனிகளும் அப்படிச் செய்து பெயர் வாங்கியவை. அவற்றில் கண் தூரம் கை நீளத்துக்கு ஏற்றபடி இருக்கும். உருப்பெருக்கத்தில் ஆசைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 2 மடங்கு தாராளம், 4 மடங்கு போதும். மாறும் உருப்பெருக்கம் வேண்டுமென்றால் 2-7x32 மாதிரி ஒன்று. அதையும் காட்டுக்குள் நடக்கும்போது 2-இல் விட்டுவிட வேண்டும். பெருக்கத்தைக் கூட்டக் கூட்டக் கை நடுக்கமும் பெருகித் தெரியும், கண்ணை வைக்க வேண்டிய இடமும் சுருங்கும். கணக்கு எளிது: முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 28 மில்லிமீட்டரும் 4 மடங்கும் என்றால் 7 மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டரும் 8 மடங்கும் என்றால் வெறும் 4. அந்தி வெளிச்சத்தில், நீட்டிய கையின் முனையில், அந்த 4 மில்லிமீட்டருக்குள் கண்ணை நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

சிவப்புப் புள்ளிக் குறியும் உண்டு; கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுடுவது. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் 1975-இல் சந்தைக்குக் கொண்டுவந்த வகை. அதில் கண் தூரத் தொல்லையே இல்லை, எடையும் குறைவு. ஐம்பது யார் (கெஜம்) தூரத்துக்குள் சுடுபவர் என்றால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை: மருமகனுக்கு அஸ்டிக்மாட்டிஸம் (ஒளி ஒரே புள்ளியில் குவியாத கண் குறை) இருந்தால் புள்ளி நட்சத்திரம் மாதிரிச் சிதறித் தெரியும். வாங்குமுன் கடையிலேயே கண்ணில் வைத்துப் பார்க்கட்டும். முன்குறி மங்குவது வயதின் வேலை; பின்குறி, முன்குறி, மான் என்று மூன்று தூரத்தில் உள்ளவற்றைக் கண்ணால் ஒரேசமயம் தெளிவாகப் பார்க்க முடியாது. ஸ்கோப்போ புள்ளியோ, இரண்டுமே குறியையும் இலக்கையும் ஒரே தளத்தில் காட்டிவிடும்.

இனிப் பூட்டும் வேலை. உருளையைத் திறந்து ஆறு அறையும் காலி என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே அலன் கீயைக் கையில் எடுக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியில் ஒரு வசதி: வளையம் உட்காரும் பள்ளங்களை ரூகர் கம்பெனி துப்பாக்கியின் உடற்சட்டத்தின் (ஃபிரேம்) மேலேயே வெட்டித் தந்திருக்கிறது, துளை போட வேண்டியதில்லை. பள்ளத்திலும் வளையத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட வேண்டும். ஸ்கோப்பைத் தளர்வாக வைத்து, நின்றும் உட்கார்ந்தும் கையை நீட்டிப் பார்த்து, கறுப்பு விளிம்பு இல்லாமல் முழு வட்டமும் தெரியும் இடத்தைப் பிடிக்கட்டும். துப்பாக்கியின் சுத்தியலை (ஹாமர்) முழுக்கப் பின்னால் இழுத்து, அது ஸ்கோப்பில் தட்டுகிறதா, கட்டைவிரலுக்கு இடமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு வளையத் திருகாணிகள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ஸ்குரூட்ரைவர் இருந்தால் 15 முதல் 17 அங்குல-பவுண்ட் வரை. அதற்கு மேல் இறுக்கினால் அலுமினியக் குழாய் நசுங்கும். என் மேசைக்கு வரும் ஏர் ரைபிள் ஸ்கோப்களில் இந்த நசுங்கல் தழும்பை அடிக்கடி பார்க்கிறேன். .44 மேக்னம் உதைக்கும்போது துப்பாக்கி பின்னால் பாயும், ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். வளையம் தளர்வாக இருந்தால் ஸ்கோப் முன்பக்கமாக வழுகும். வளையத்தின் ஓரத்தை ஒட்டிக் குழாயில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப், திருகாணித் தலைக்கும் வளையத்துக்கும் குறுக்கே நெயில் பாலிஷில் ஒரு கோடு. பத்து ரவை சுட்ட பிறகு டேப்புக்கும் வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி பூட்ட வேண்டும்.

குறி சரிபார்க்கும்போது ஒரு வித்தியாசம் உண்டு. போல்ட் ரைபிளில் போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே இலக்கைப் பார்க்கலாம். ரிவோல்வரில் சட்டம் மறைக்கும். ஆகவே 25 யாரில் பெரிய தாள் ஒன்றை வைத்துத் தொடங்குவதே நல்லது. சரிசெய்யும் குமிழின் ஒரு கிளிக் 100 யாரில் கால் அங்குலம் நகர்த்தும் ஸ்கோப், 25 யாரில் ஒரு அங்குலம் நகர 16 கிளிக் கேட்கும். மூன்று நான்கு கிளிக் திருப்பிவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று திணறுபவர்கள் நிறைய. மணல் மூட்டையில் தாங்கும்போது குழலை வைக்காமல் கையையோ சட்டத்தையோ வைக்கட்டும். உருளை இடைவெளிக்கு நேரே மூட்டை இருந்தால் வாயு துணியைக் கிழித்துவிடும், அதனால் அங்கே ஒரு தோல் துண்டைப் போடலாம். காது மூடியும் கண்ணாடியும் கட்டாயம். கடைசியில் 50 யாரில் சரிசெய்து நிறுத்திக்கொண்டால், வழக்கமான 240 கிரெயின் எடை ரவை 100 யாரில் நான்கைந்து அங்குலம் கீழே விழும். தன் ரவையில் எவ்வளவு என்பதை அவரே தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் உங்கள் பழைய ஸ்கோப். வெள்ளவத்தைக் கடல் ஈரத்தில், அலமாரிக்குள் இத்தனை வருடம் என்றால் எனக்குப் பயம் பூஞ்சைதான். முன் கண்ணாடிப் பக்கம் போன் டோர்ச்சை அடித்து, பின் பக்கம் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேரே ஒளியைப் பார்க்க வேண்டாம். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை உள்ளே போய்விட்டது, ஈரம் புகாமல் உள்ளே நிரப்பிய நைட்ரஜன் அடைப்பும் போயிருக்கும். நீங்களாகத் திறக்காதீர்கள். தெளிவாக இருந்தால் தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்ப்பதே அந்தத் தோல் உறைதான்.