கலிபோர்னியாவில் வேலையை விட்டு நீக்கியவர் கடைசிச் சம்பளத்தைத் தராவிட்டால் எங்கே முறையிடுவது?

மாநிலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில். நீங்கள் உணவகத்தில் வேலை பார்த்ததாகவும் விசா நிலையை நினைத்துப் பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயம் வேண்டாம், புகார் கொடுக்க அங்கே குடியுரிமை கேட்பதில்லை. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

அங்குள்ள சட்டப்படி, நீக்கிய அன்றே முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட வேண்டும். வேண்டுமென்றே இழுத்தடித்தால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம் அபராதமாக உங்களுக்கே வரும், அதிகபட்சம் 30 நாட்களுக்கு. பலருக்கு இது தெரியாமல், பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

சரி, ஆதாரம்? வேலை நேரத்தைத் தேதிவாரியாக எழுதிவைத்த நோட்டு, முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் உதவும். முதலில் சமரசப் பேச்சு நடக்கும்; அப்புறம்தான் விசாரணை.

அந்த உணவகத்தில் இன்னும் வேலை பார்ப்பதாக நீங்கள் சொன்ன உங்கள் நண்பரும் தயங்காமல் புகார் தரலாம். அதற்காகப் பழிவாங்குவது சட்டவிரோதம்.