ஐரோப்பாவுல ஊர் ஊரா சுத்திப் பாடின மின்ஸ்ட்ரல்கள் படத்துல காட்டுற மாதிரி ஜாலியாதான் வாழ்ந்தாங்களா?

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பெருசா ஜாலி எல்லாம் இல்லைங்க. ஜன்னலுக்குக் கீழ நின்னு காதல் பாட்டு பாடுற அந்த ஹீரோ இமேஜ் பாதி ட்ரூபடூர்கள்கிட்ட (சொந்தமா பாட்டு எழுதி மெட்டுப் போட்ட கவிஞர்கள்) இருந்து வந்தது, அவங்கள்ல பல பேர் வசதியானவங்க, பாட்டு கிடைச்சிருக்கிறதுல முதல் ட்ரூபடூரே தெற்கு பிரான்ஸ்ல அக்விடெய்ன் பிரபு ஒன்பதாம் வில்லியம், அவருக்கு எதுக்கு சோத்துக்கு அலையணும்.

அலைஞ்சது மின்ஸ்ட்ரல், ஜோங்ளர்னு சொல்ற தொழில் ஆளுங்க. பாட்டு மட்டும் தெரிஞ்சா பத்தாது, ஃபிடிலோ ஹார்ப்போ வாசிக்கணும், வீரக்கதை சொல்லணும், சில பேர் குட்டிக்கரணம் கூட போட்டாங்க. ஒரு கையில குழல் ஊதிக்கிட்டே இன்னொரு கையால சின்ன டிரம் அடிக்கிற ஆளுங்க இருந்தாங்க, ஒரு ஆளுக்குக் காசு குடுத்தா கல்யாணத்துல ஆட மியூசிக் ரெடி. (இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஹென்றி முன்னாடி கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரு குதி, ஒரு விசில், ஒரு குசு விட்டுக் காட்டுற வேலைக்கு ரோலண்டுன்னு ஒருத்தருக்கு சஃபோக்ல நிலமே இருந்துச்சு. சீரியஸா சொல்றேன்.)

நல்ல காசு அரண்மனையிலதான். 1306ல லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல இளவரசருக்கு நைட்ங்கிற வீரர் பட்டம் (knight) குடுத்த விருந்துல மின்ஸ்ட்ரல்களுக்கு என்ன குடுத்தாங்கன்னு கணக்குச் சுருளே இன்னிக்கும் இருக்கு. அதனால எல்லாருக்கும் இன்ன ராஜா, இன்ன பிரபு வீட்டு ஆளுன்னு காட்டுற ஒரு பெரிய இடத்து யூனிஃபார்ம் வேணும், அதைப் போட்டா எந்தக் கோட்டையிலயும் கதவு திறக்கும். இதுல டூப்ளிகேட் வேற! விவசாயிங்களும் கைத்தொழில்காரங்களும் ராஜா யூனிஃபார்ம மாட்டிக்கிட்டு மின்ஸ்ட்ரல்னு சொல்லி வசூல் பண்றாங்கன்னு இங்கிலாந்து ராஜா நாலாம் எட்வர்ட் 1469ல தன் ஆளுங்களுக்குத் தனி சாசனமே எழுதிக் குடுத்தார்.

யூனிஃபார்ம் இல்லாதவன் கதி? 1572ல இங்கிலாந்துல முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் சட்டப்படி, பிரபு ஆதரவோ லைசென்ஸோ இல்லாம சுத்துற மின்ஸ்ட்ரல், கரடி வித்தைக்காரன், நாடகக்காரன் எல்லாரும் ஒரே லிஸ்ட், நாடோடிப் போக்கிரிங்க. மாட்டினா சவுக்கடி, அப்புறம் பழுக்கக் காய்ச்சின இரும்பால வலது காதுல ஓட்டை. பாடினதுக்கு இல்ல, ஆதரவு இல்லாம பாடினதுக்கு.

ஜாலியான விஷயம்னா எனக்குத் தோணுறது ஒண்ணுதான். ஈஸ்டருக்கு முன்னாடி தவக்காலத்துல ஆட்டம் பாட்டம் கிடையாது, வேலை இல்ல. அப்போ 14ஆம் நூற்றாண்டுல பல நாட்டு மின்ஸ்ட்ரல்களும் ஃப்ளாண்டர்ஸ் (இன்னிக்கு பெரும்பாலும் பெல்ஜியத்துல இருக்கு) பக்கம் கூடி, புதுப் பாட்டு, புது வாத்தியம்னு ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கிட்டாங்க, போற செலவுக்கு சில முதலாளிங்களே காசும் குடுத்தாங்க.