உடையும் இடமா, முடியாத வேலையா?

வணக்கம்.

குரோமோசோமில் எளிதில் உடையும் பகுதிகள் எல்லா மனிதர்களுக்கும் உண்டு என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அப்படிப் பலவீனமான இடத்தைப் பரிணாமம் ஏன் விட்டுவைத்தது? அது இருப்பதாலேயே புற்றுநோய் வருமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

வராது. அப்படி உடையும் பகுதிகளில் ஒன்றான எஃப்ஆர்ஏ3பி உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. டெஸ்ட் எடுக்கவே வேண்டாம்.

அந்த இடத்தில் டிஎன்ஏ நைந்துபோய் இருப்பதில்லை. செல் பிரியும் முன் டிஎன்ஏவை நகலெடுக்கும் வேலை அங்கே நேரத்துக்கு முடிவதில்லை, முடியாமலே பிரிந்தால் அறுகிறது, அவ்வளவுதான். எஃப்ஆர்ஏ3பி இருப்பது 3ஆம் குரோமோசோமில், சுமார் 15 லட்சம் எழுத்து (டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற அடிப்படை அலகுகள்) நீளமுள்ள ஒரு மரபணுவுக்குள். ரத்தத்தின் லிம்ஃபோசைட் செல்களில், அதன் நடுவே ஏறக்குறைய 7 லட்சம் எழுத்துக்கு நகலெடுப்பு தொடங்கும் புள்ளியே கிடையாது. இரு பக்கமிருந்தும்தான் வந்து சேர வேண்டும். நிமிடத்துக்கு 1,500 எழுத்து என்று வையுங்கள், தடங்கலே இல்லாவிட்டாலும் நாலு மணி நேரம் ஆகும். மொத்த நகலெடுப்புக்கும் செல்லுக்குக் கிடைப்பதோ எட்டு மணி நேரம் போல. போதாக்குறைக்கு, அதே மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதியும் வழியில் குறுக்கே நிற்கும்.

1984இல் மரபியலாளர் தாமஸ் குளோவரின் குழு, அஃபிடிகோலின் என்ற மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்து நகலெடுப்பை மந்தமாக்கியது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குறிப்பிட்ட சில இடங்களிலேயே திரும்பத் திரும்ப இடைவெளி! அப்புறம் தெரியவந்ததுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்: இணைப்புத்திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் எஃப்ஆர்ஏ3பி அவ்வளவாக உடைவதில்லை, வேறு இடங்கள் உடைகின்றன. எழுத்து வரிசை ஒன்றேதான். தொடக்கப் புள்ளிகள்தான் இடம் மாறியிருக்கின்றன.

பரிணாமம் பற்றி: எலியிலும் இதே மரபணு இப்படித்தான் உடைகிறது, ஆக இது பழைய சமாசாரம். சாதாரண செல்லில் ஏடிஆர் என்ற புரதம், நகல் முடியும்வரை செல் பிரிவதைத் தள்ளிப்போடுகிறது. சேதம் அரிது என்பதால் களையெடுக்க அவசரம் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

புற்றுநோயில், தாறுமாறாகத் தூண்டப்பட்ட செல் நகலெடுப்பில் திணறுகிறது. அதனால் இந்தப் பகுதி சீக்கிரமே அறுந்து துண்டுகள் தொலைகின்றன. அந்த இழப்பு நோயை மேலும் வளர்க்கிறதா, வெறும் விளைவா என்ற சண்டை ஓயவில்லை. நான் இரண்டுக்கும் இடம் உண்டு என்ற கட்சி.

பெயரிலேயே 'உடையும்' என்று இருக்கிறதே என்று, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃபிராஜைல் எக்ஸ் நோயை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அது சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் அடுக்கிக்கொண்டு போவதால் வருவது, குடும்ப வழியில் இறங்குவது.